நாச்சிமுத்துன்னு போட்டா லைன் வரும்

ஏனுங்க தம்பி, அந்தப் பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டீங்கன்னா நானு சித்தெ உக்காந்துக்குவேன். பல்லடத்துல எறங்கிருவேனுங்க. சொந்தத்துல ஒரு ஒறம்பரை ஊட்ல விசேசம். தாராபுரத்துல ஏறுனதுல இருந்து நின்னுட்டே வாறேன், ஒருத்தரும் எந்திரிக்கலை. எல்லாரும் குனிஞ்ச தலை நிமிராம போனையே பாத்துட்டு இருக்கறாங்க. நீங்க ஒருத்தருதான் நிமிந்து பாத்தீங்க, மாட்டிக்கிட்டீங்க.

கழுத்துல அட்டை தொங்குதே, அது இந்த இன்டர்நெட்டுக்காரங்க அட்டைதானுங்க? பயப்படாதீங்க, சண்டைக்கு வரலை. மூணு பேருகூட சண்டை போட்டு முடிச்சாச்சு, நாலாவதுக்கு எனக்குத் தெம்பு இல்லை. உங்க கம்பெனி எங்கூருக்கு இன்னும் வரலை. வந்திருந்தா உங்ககூடவும் போட்டிருப்பேன்.

எனக்கு ஒரே புள்ளைங்க. சிந்துஜான்னு பேரு. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. மாப்பிள்ளைக்கும் அங்கதான். போன பங்குனியில மாப்பிள்ளையை அவங்க கம்பெனியில ஜெர்மனிக்கு அனுப்பிச்சுட்டாங்க, ஒன்றரை வருசத்துக்கு. அவ அங்க தனியா, நானு இங்க தனியா. எங்கூட்டுக்காரரு போயி ஆறு வருசம் ஆச்சுங்க. ஒரு நாள் அவளாவே போன் பண்ணுனா. "அம்மா, ஊட்ல இருந்தே வேலை பாக்கலாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நம்மூர்ல நெட் மட்டும் நல்லா இருந்துச்சுன்னா, அவரு திரும்பி வர்ற வரைக்கும் உங்ககூடவே இருந்துக்கறேன்" அப்பிடின்னா.

எனக்கு அன்னைக்கு சந்தோசத்துல சோறு எறங்கலைங்க தம்பி. அவ பதினேழு வயசுல ஹாஸ்டலுக்குப் போனவ. அதுக்கப்பறம் நாலு நாள் சேந்தாப்புல எங்கூட்ல இருந்ததில்லை. இப்ப ஒன்றரை வருசம் இருக்கறேங்கறா. நெட் நல்லா இருந்தாப் போதுமாம். இதென்ன பெரிய காரியம், தேடிப் புடிச்சுட்டாப் போச்சுன்னு நெனச்சேன்.

அவ சொன்னா, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்மா, நானே விசாரிச்சு நல்லதாப் பாத்துப் போட்டுக்கறேன்னு. நானு உடுவேனா? இந்தூரைப்பத்தி உனக்கென்ன கண்ணு தெரியும், நீ துணிமணி எடுத்துட்டு வந்தாப் போதும்னு சொல்லிப்போட்டேன். அப்பறம் மருந்துக்கடையில கேட்டேன், பேங்க்ல கேட்டேன், சொசைட்டியில பால் ஊத்தற எடத்துல கேட்டேன். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தரு ஐம்பது போதுங்கறாரு, இன்னொருத்தரு நூறு இல்லாட்டி ஆகாதுங்கறாரு. ஐம்பது என்னன்னும் எனக்குத் தெரியாது, நூறு என்னன்னும் தெரியாது. தலையை மட்டும் ஆட்டிட்டு வந்தேன்.

இதுக்கு நடுவால எங்கூரு கேபிள் டிவிக்கார சென்னியப்பன் வந்து நிக்கறான். எங்களுக்குப் பங்காளி முறை. நானே நெட் லைனும் குடுக்கறேன் அண்ணி, வெளியாள் எதுக்குங்கறான். எப்பிடி இல்லேங்கறதுங்க? நாளைக்குக் கோயில் நோம்பியில மொகத்துல முழிக்கோணுமே. சரின்னுட்டேன். அவன் லைன் அவன் ஊட்ல கரண்டு இருந்தா வரும், கரண்டு போனாப் போயிரும். கரண்டு இருக்கற அன்னைக்கு அணில் வந்து ஒயரைக் கடிச்சுப்போடும். எம்புள்ள வைகாசியில வந்து எறங்குனா, மூணாம் நாளே போனைத் தூக்கிட்டு மொட்டை மாடியில வேகாத வெயில்ல உக்காந்து வேலை பாத்தா. பாக்கவே சகிக்கலை.

அப்பறம் ரெண்டாவது. மாடியில ஒரு தட்டு மாட்டுனாங்க, டவர்ல இருந்து காத்துலயே வருமாமா. நல்லாத்தான் வந்துச்சுங்க, ஆடி வரைக்கும். எங்க பக்கத்து ஆடிக்காத்துதான் உங்களுக்குத் தெரியுமே, ஆளையே தள்ளும். தட்டு ஒரு பக்கமாத் திரும்பிக்கும். அவ மாடியேறி அதைத் திருப்பி வெச்சுட்டு ஓடி வருவா, மறுபடியும் திரும்பிக்கும். அந்தக் கம்பெனிக்கு நானு போன் பண்ணுனா, ஒண்ணை அழுத்து ரெண்டை அழுத்துன்னு ஒரு பொம்பளை சொல்லிட்டே இருக்கறா. ஒரு நாள் ஆத்தரம் தாங்காம நல்லாத் திட்டிப்போட்டேன். அது டேப்பாம், அப்பறம் சிந்து சொன்னா.

ஆவணியிலதானுங்க மூணாவது லைன் வந்துச்சு. தலைமுடியாட்டம் கண்ணாடிக் கம்பி, அதுக்குள்ள வெளிச்சம் ஓடுமாம். இதுக்கு மட்டும் அவளே பக்கத்துல உக்காந்து பாத்துப் போட்டா. ஒரு பேப்பர் எடுத்து எனக்கு எழுதிக் காட்டுனாளுங்க. எறக்கறது வேற வேகம், ஏத்தறது வேற வேகம்மா. எல்லாரும் எறக்கறதை மட்டும்தான் பெருசாப் போட்டு விப்பாங்க. நானு மீட்டிங்ல பேசறதுக்கு ஏத்தறது வேணும். நம்மூருக்கு வர்ற பிளான்ல அது கொஞ்சந்தான் இருக்குது, ஆனா நானு ஒருத்தி மட்டும்னா தாராளமாப் போதும். இப்பிடித்தான் சொன்னா. நானும் கேட்டேன். ஆனா பாருங்க தம்பி, அந்த லைன் மாட்ட வந்தவன் வேற ஒண்ணு சொன்னான். இது அன்லிமிடெட்டுங்கம்மா, அளவே கெடையாது, எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னான். எனக்கு அதுதான் மனசுல நின்னுச்சு.

பாஸ்வேர்டு என்ன வெக்கறதுன்னு அவன் கேட்டப்ப, அவ வாயத் தொறக்கறதுக்குள்ள எங்கூட்டுக்காரரு பேரைச் சொல்லிட்டேன். நாச்சிமுத்து, அப்பறம் அவரு பொறந்த ஐம்பத்தெட்டு. சிந்து சிரிச்சா. அப்பாவே காவலுக்கு நிக்கட்டும்னா.

மொதல்ல எதுத்த ஊட்டு மரகதந்தான் வந்தா. அக்கா, போன்ல காசு தீந்துபோச்சு, பேத்தி பாட்டுக் கேட்டு அழுகறா, ஒரு நிமிசம் உங்க வைஃபை குடுங்கன்னா. குடுக்காம இருக்க முடியுங்களா? அளவே கெடையாதுன்னு கம்பெனிக்காரனே சொல்லிப்போட்டுப் போனான், அதை ஒளிச்சு வெச்சு நானு என்ன பண்ணப்போறேன். அப்பறம் துணி தேய்க்கற தேப்புக்கடைக்காரரு வந்தாரு. மேலத்தெரு வாத்தியார் சம்சாரம், பால்காரரு, பரீச்சைக்குப் படிக்கற புள்ளைங்க நாலு பேரு. ஒருத்தருக்குக் குடுத்துட்டு இன்னொருத்தருக்கு இல்லேன்னா நல்லாவா இருக்கும். யாரு வந்து கேட்டாலும் நாச்சிமுத்துன்னு போடுங்க, லைன் வரும்னு சொல்லுவேன்.

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. அவரு போனதுக்கப்பறம் எங்கூட்டு வாசல்ல யாரும் வந்து நின்னதில்லைங்க தம்பி. அவரு இருந்தப்ப தெனமும் நாலு பேரு வருவாங்க. போனதும் அவ்வளவுதான், கேட்டைத் தொறந்து மூடறதுக்குக்கூட ஆளில்லை. இந்த லைன் வந்ததுக்கப்பறம் சாயங்காலமானாப் போதும், வாசப்படியில எட்டுப்பேரு, பத்துப்பேரு. தெருவுல இருக்கற அத்தனை போன்லயும் அவரு பேரு. எனக்கு என்னமோ அவரு திரும்பி வந்தாப்புல இருந்துச்சு. ஊடு நெறைஞ்சு இருந்துச்சுங்க, உள்ள புள்ள, வெளிய தெரு. எனக்கு அதுக்கு மேல என்ன வேணும்?

ஆனா சிந்துவுக்கு அது புடிக்கலை. அம்மா, லைன் திணறுது, யாருக்கெல்லாம் குடுத்திருக்கறீங்கன்னா. அஞ்சாறு பேருக்குத்தான்னேன். அவ கம்ப்யூட்டர்ல பாத்துட்டு முப்பத்தொண்ணுன்னா. அதை எப்பிடி எண்ணுனான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. குழாய் ஒண்ணுதாம்மா, அத்தனை பேரும் புடிச்சா எனக்கு எப்பிடி வரும்னு கேட்டா. தண்ணிக்கு இல்லேங்கற ஊடா இதுன்னு நானும் திருப்பிக் கேட்டுப்போட்டேன். அவ அப்பா அப்பிடியா வளத்துனாரு? நீங்களே சொல்லுங்க.

ஒரு நாள் என்னைக் கேக்காம பாஸ்வேர்டை மாத்திப்போட்டாளுங்க. அன்னைக்குச் சாயங்காலம் தெருவே வந்து நிக்குது, நாச்சிமுத்து போட்டா வரமாட்டேங்குதுன்னு. எனக்கு மானமே போயிருச்சு. மரகதம் ஒரு மாதிரியாச் சிரிச்சுட்டு, மக பெரிய வேலையில இருக்கறாளுங்க, நம்மளையெல்லாம் அண்ட உடுவாளான்னா. அதை நானு எப்பிடித் தாங்கறது? உள்ள போயி அவகிட்ட சத்தம் போட்டேன். அப்பா பேரை அழிக்கறதுக்கு உனக்கு எப்பிடி மனசு வந்துச்சுன்னு கேட்டேன். என்ற வேலை போயிரும்மா, அந்தளவுக்கு இருக்குதுன்னு மெதுவாச் சொன்னா. அப்பறம் பழைய பேரையே போட்டுக் குடுத்துட்டா. நல்ல புள்ளைங்க. என்ற பேச்சைத் தட்ட மாட்டா.

கார்த்திகையில மரகதத்தோட பேத்திக்குக் காதுகுத்து. எதுத்த ஊட்லயே பந்தல். அதுல ஒரு சங்கடம். மரகதத்துப் பையன் துபாய்ல இருக்கறான், அவந்தான் குழந்தைக்குத் தாய்மாமன். அவன் மடியில உக்கார வெச்சுத்தானே காது குத்தோணும். அவனுக்கு லீவு குடுக்கலை. சித்தப்பன் மகன் ஒருத்தன் மடியில வெச்சுக் குத்தறதுன்னு முடிவாகி, தாய்மாமன் போன்லயாவது பாக்கட்டும்னு ஏற்பாடு. அதுக்கு நெட் வேணும். மரகதம் மொத நாளே வந்து கையைப் புடிச்சுக்கிட்டா. அக்கா, நாளைக்கு உங்க லைன்தான் எம்பையனைக் கூட்டிட்டு வரோணும்னா.

அதே மொத நாள்தான் சிந்துவும் எங்கிட்டச் சொன்னா. நாளைக்குப் பத்து மணியில இருந்து பதினொண்ணு வரைக்கும் ஒரு மீட்டிங்கு, அமெரிக்காவுல இருந்து பெரிய ஆளுக பாப்பாங்க, நாந்தான் பேசோணும், அந்த ஒரு மணி நேரம் மட்டும் யாருக்கும் குடுக்காதீங்கம்மான்னு. சரி கண்ணுன்னேன். சரின்னுதானுங்க சொன்னேன். அப்பறம் முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு கேட்டா, மரகதம் பத்தரைங்கறா.

நானு என்ன பண்றதுங்க தம்பி? இந்தப் பக்கம் மீட்டிங்கு, அந்தப் பக்கம் தாய்மாமன். மீட்டிங்கு இன்னொரு நாள் வெச்சுக்கலாம், காதுகுத்து ஒருக்காத்தானே. அதுவும் ஒரே ஒரு போனுதானே, அதுல என்ன தீந்துபோகப் போகுதுன்னு நெனச்சேன். சிந்துகிட்டச் சொன்னா வெசனப்படுவா, சொல்லாம இருந்தாத் தெரியவா போகுதுன்னு உட்டுட்டேன். மத்தவங்ககிட்ட மட்டும் ஒரு மணி நேரம் போனைத் தொடாதீங்கன்னு கேட்டிருக்கலாம். பந்தல்ல நின்னுட்டு அதை எப்பிடிச் சொல்றது. விசேசத்துக்கு வந்த ஒறம்பரையெல்லாம் எங்கூட்டு லைன்ல மாட்டிக்கிட்டாங்க, நாந்தான் ஒவ்வொருத்தருக்கா பேரைச் சொல்லிக் குடுத்தேன்.

காதுகுத்து நெம்ப நல்லா நடந்துச்சுங்க. என்னைத்தான் முன்னால உக்கார வெச்சாங்க. போனைப் புடிச்சுக் காட்டுனதுல துபாய்ல இருந்து அந்தப் பையன் தேம்பித் தேம்பி அழுதான். குழந்தை அழுகுது, அவன் அழுகறான், மரகதம் அழுகறா. எல்லாம் உங்க புண்ணியம் தெய்வானக்கான்னு சபையில வெச்சுச் சொன்னா. எனக்கும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. விருந்துச் சோத்தைத் தூக்குப்போசியில வாங்கிட்டு, சிந்துவுக்குக் கறி புடிக்குமேன்னு ஓடி வந்தேன்.

அவ கம்ப்யூட்டரை மூடி வெச்சுட்டு சும்மா உக்காந்திருந்தா. என்ன கண்ணு, மீட்டிங்கு முடிஞ்சுதான்னேன். முடிஞ்சுதுன்னா. பத்து இருபத்தஞ்சுக்கே நின்னுபோச்சாம். அவ பேசுனது அவங்களுக்குப் போகவே இல்லையாம். அவளை ஒரு படி மேல ஏத்தறதா இருந்தாங்களாம், அந்த எடத்துல இப்ப வேற ஒருத்தரைப் போட்டுட்டாங்களாம். சத்தமே போடலைங்க. சத்தம் போட்டிருந்தாக்கூட நானும் போட்டிருப்பேன். நானு சமாதானத்துக்கு, போனாப் போகுது கண்ணு, அந்தப் பையன் அழுததைப் பாத்திருந்தீன்னா நீயே குடுத்திருப்பேன்னு சொன்னேன். அவ எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டு வந்து, நானு கொண்டு போன சோத்தை மிச்சம் வெக்காம சாப்பிட்டா. மூணாம் நாள் காலையில பெட்டியைக் கட்டிட்டா. "நெட் சரியில்லம்மா. அதான். வேற ஒண்ணுமில்லை." இதைத்தான் பஸ் ஏறறப்பவும் சொன்னா.

அதுக்கப்பறம் உங்க ஆளுகளை நானு உடலைங்க. அந்த மூணாவது கம்பெனிக்காரன்கூட அவன் ஆபீஸ்லயே போயிச் சண்டை போட்டேன். அளவே இல்லேன்னு சொல்லிப்போட்டு எம்புள்ளைக்கு மட்டும் எப்பிடிடா பத்தாமப் போச்சுன்னு கேட்டேன். அவன் என்னென்னமோ சொல்லி, இப்பப் புதுசா வந்திருக்கற பெரிய பிளானை மாட்டி உட்டான். ஏத்தறதும் எறக்கறதும் ஒரே வேகமாம். பாஸ்வேர்டையும் மாத்தச் சொன்னேன். ஆமாங்க, நாந்தான் சொன்னேன். அவரு பேரை எடுத்துட்டு வேற என்னமோ நம்பர் போட்டாச்சு. தெருவுல யாருக்கும் குடுக்கலை. பத்து நாள் வந்து கேட்டாங்க, அப்பறம் வர்றதில்லை. மரகதம் எதுக்கால வந்தாலும் அந்தப் பக்கம் திரும்பிக்கறா.

சிந்துகிட்டச் சொன்னேன். எல்லாத்தையும் நிறுத்திட்டேன் கண்ணு, இப்ப லைன் முச்சூடும் உனக்குத்தான், வந்துருன்னேன். பாக்கலாங்கம்மான்னா. தையில வாறேன்னா. தை போச்சு, மாசி போச்சு. இப்ப எங்கூட்ல மாதிரி லைன் சுத்துப்பட்டுல எங்கயும் கெடையாதுங்க. பச்சை லைட்டு நிக்காம எரியுது. நானு ஒருத்தி, அதுல ராசிபலன் பாக்கறேன். வேற என்ன பாக்கறது.

ஞாயித்துக்கெழமை மத்தியானம் மட்டும் வீடியோவுல கூப்புடுவேன். அங்க பெங்களூர்ல லைன் நெம்ப மோசம் போல இருக்குதுங்க. அஞ்சு நிமிசம் பேசறதுக்குள்ள அவ மொகம் அப்பிடியே நின்னுபோகுது. என்ன ராசியோ, நீ எப்பக் கண்ணு வாறேன்னு நானு கேக்கற நேரமாப் பாத்துத்தான் நிக்குது. நின்னு, கட்டாயிரும். அப்பறம் நெட் போயிருச்சும்மான்னு எழுதி அனுப்புவா. பாவம், அத்தனை பெரிய ஊர்ல இருந்துட்டு அவளுக்கு ஒரு நல்ல லைன் கெடைக்கலை பாருங்க.

போன ஞாயித்துக்கெழமையும் அப்பிடித்தான் நின்னுபோச்சு. வாய் பாதி தொறந்த வாக்குல. வந்துரும், வந்துரும்னு நானும் பாத்துட்டே இருந்தேன். அப்பத்தானுங்க கவனிச்சேன், அவளுக்குப் பின்னால ஃபேன் சுத்திக்கிட்டு இருந்துச்சு. நல்லாச் சுத்துச்சு. குக்கர் விசில் அடிச்சுது, அதுவும் எனக்கு இங்க கேட்டுச்சு. அவ மட்டும் அசையலை. ரெண்டாவது விசில் அடிச்சுது. மூணாவதுக்கு கண்ணை ஒருக்கா சிமிட்டுனா. நானு கண்ணூ, கண்ணூன்னு கூப்புட்டேன். கட்டாயிருச்சு.

நீங்க இதே வேலையில இருக்கறவங்க. ஆளு நின்னுபோயி ஃபேன் மட்டும் சுத்தற மாதிரி ஒரு கோளாறு உண்டுங்களா தம்பி?

ஏன் சன்னல் பக்கம் பாக்கறீங்க? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிப்போடுங்க, நானு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

ஆகுமுங்களா? அப்பிடியா. சத்தம் தனியா வருமா. ஃபேன் ஒரே மாதிரி சுத்தறதுனால அது வந்துருமா, மொகத்துக்கு மட்டும் லைன் பத்தாதா. நெசமாத்தானுங்க சொல்றீங்க? வேற யாருக்காவது இப்பிடி ஆகியிருக்குதா? நெம்பப் பேருக்கா.

அது போதுமுங்க தம்பி. ஒரு வாரமா நானு சோறு தண்ணி இல்லாம என்னென்னமோ நெனச்சுப்போட்டேன். பெத்த புள்ளையைப்பத்தி அப்பிடி நெனைக்கலாமா, பாவமில்லையா. அவளும் பயந்துட்டுத்தான் இருப்பா, அம்மா பாத்திருப்பாங்களோ, தப்பா நெனச்சிருப்பாங்களோன்னு. பல்லடம் வந்துருச்சு, சித்தெ காலை நகத்திக்குங்க, எறங்கிக்கறேன். வர்ற ஞாயித்துக்கெழமை மொத வேலையா அவகிட்டச் சொல்லிப்போடறேன், அது உம்மேல தப்பில்லை கண்ணு, லைன்லயே அப்பிடி ஒரு கோளாறு இருக்குதாம், கம்பெனிக்காரத் தம்பியே சொன்னாருன்னு.